வீட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே

(தென்காசியில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே, மூன்றாம் வரிசையில் காக்கிச் சட்டையோடு இருக்கும் ஓட்டுநர் அண்ணாச்சிமார்களே!

வண்டியையே வீடாக்கிக்கொண்டு, அடுப்பும் அரிசியும் படுக்கையும் ஏற்றிக்கொண்டு, வடக்கே ஆளரவமற்ற மலைவெளிகளுக்குள் வாரக்கணக்கில் சாலை வழியாகப் போய்வருவது பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் இதை எந்த ஊரில் நின்று பேசுகிறேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

வடக்கே போகவேண்டாம் என்பதற்காகவே உண்டான ஊர் அய்யா இது! தலபுராணம் என்ன சொல்கிறது? காசிக்குப் புறப்படுகிற அடியார்கள் வழியிலேயே மாண்டுபோகிறார்கள். பராக்கிரம பாண்டியன் கனவில் சிவபெருமான் வருகிறார். எறும்புச் சாரை போகிற வழியே போ, அது முடிகிற இடத்தில் எனக்குக் கோயில் கட்டு என்கிறார். சிற்றாற்றங்கரையில் 15ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் கோயில் எழும்புகிறது. ஊருக்குத் தென்காசி என்று பெயர் வருகிறது. காசி இங்கேயே வந்துவிட்டது, இனி எவனும் வடக்கே போய்ச் சாகவேண்டியதில்லை என்பதுதான் ஏற்பாடு. அந்தக் கோபுரத்தின் நிழலில் நின்றுகொண்டு வடக்கே போங்கள் என்று சொல்ல வந்திருக்கிறேன். விசுவநாதர் பொறுத்துக்கொள்வார்.

நம்மவர்கள் கேட்டார்களா? கோயில் கட்டிய பிறகும் வடக்கே போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 1830 மே 18ஆம் தேதி சென்னையிலிருந்து ஒருவர் புறப்பட்டார். ஏனுகுல வீராசாமி என்று பெயர், சென்னையில் அன்றிருந்த உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை, தெலுங்குக்காரர். கூடாரம், சமையல்காரர், பல்லக்குத் தூக்கிகள், பெண்டு பிள்ளைகள் என்று ஏறக்குறைய நூறு பேர். கடப்பை, ஸ்ரீசைலம், ஐதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியாகக் காட்டையும் மேட்டையும் கடந்து பிரயாகை, காசி, கயை, கல்கத்தா போய், கடற்கரை வழியாக 1831 செப்டம்பர் 3ஆம் தேதி சென்னைக்குத் திரும்பினார். எந்த ஊரில் என்ன கிடைக்கும், எந்த ஆற்றை எப்படிக் கடந்தோம் என்று நாள்தோறும் எழுதி வைத்தார். 1838இல் அது தெலுங்கில் புத்தகமாக வந்தது. வீட்டை முழுசாகத் தூக்கிக்கொண்டு வடக்கே போன பயணம் அது. என்ஜின் மட்டும்தான் இல்லை. என்ஜின் செய்ய வேண்டியதை மனிதத் தோள்கள் செய்தன. அந்தத் தோள்களை மறந்துவிடாதீர்கள், பேச்சில் பின்னால் வேறு பெயரில் அவை திரும்ப வரும்.

இன்றைக்கு வெளிநாட்டில் இதற்கென்றே வண்டி இருக்கிறது. பிக்கப் வண்டியின் பின்பெட்டியில் கச்சிதமாக உட்காரும் ஒரு கூடு. அதற்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்ன மேசை. வேண்டாதபோது நாலு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு போகலாம். இதைப் பூட்டிக்கொண்டு அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும் கோடையில் வடக்கே, வடதுருவ வட்டத்தையும் தாண்டிப் போகிறார்கள்.

அந்தச் சாலைகளைக் கொஞ்சம் பாருங்கள். அலாஸ்கா நெடுஞ்சாலை, சுமார் 2,200 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அலாஸ்காவுக்கு வந்துவிடும் என்ற பயத்தில் 1942இல் அமெரிக்க ராணுவம் சுமார் எட்டே மாதத்தில் காட்டை வெட்டிப் போட்டது. வெட்டிய வீரர்களில் மூன்றில் ஒரு பங்கு கறுப்பினத்தவர். அப்போது அந்த ராணுவத்தில் அவர்களுக்குத் தனிப் படைப்பிரிவு, தனிக் கூடாரம். சாலை மட்டும் எல்லாருக்கும் பொது. அடுத்து டால்டன் நெடுஞ்சாலை. 1974இல் எண்ணெய்க் குழாய் பதிப்பதற்காக லாரிகளுக்கென்றே போட்டது. 666 கிலோமீட்டர். கோல்ட்ஃபுட் என்ற ஊரை விட்டால் கடைசி ஊர் வரை 386 கிலோமீட்டருக்கு பங்க் இல்லை, கடை இல்லை, மெக்கானிக் இல்லை. பொதுமக்கள் முழுச் சாலையிலும் போகலாம் என்று விட்டதே 1994இல்தான். கனடாவில் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை, 1979இல் திறந்தது. நிலம் பல அடி ஆழத்துக்கு எப்போதும் உறைந்தே கிடக்கும். தார் போட்டு வெயிலை உறிஞ்சவிட்டால் அடியிலுள்ள பனி உருகிச் சாலை அமிழ்ந்துவிடும். அதனால் ஆள் உயரத்துக்குச் சரளைக் கல்லைக் கொட்டி, நிலத்துக்குப் போர்வை போர்த்தினாற்போல அதன்மேல் ஓட்டுகிறார்கள். நடுவில் இரண்டு பெரிய ஆறுகள். கோடையில் மிதவைப் படகு வண்டியை ஏற்றி அக்கரையில் விடும். பனிக்காலத்தில் ஆறே உறைந்து பாலமாகிவிடும். ஆறு உறைகிற வாரங்களிலும் உருகுகிற வாரங்களிலும்? படகும் ஓடாது, பனியும் தாங்காது. அக்கரைக்காரன் அக்கரையில், இக்கரைக்காரன் இக்கரையில். எத்தனை லட்சம் போட்டு வண்டி வாங்கியிருந்தாலும் உட்கார்ந்துதான் ஆகவேண்டும்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு தம்பி மனசுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தம்பி, திரும்பி மூன்றாம் வரிசையைப் பாருங்கள். சம்பந்தம் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

நம் ஊரில் வண்டியில் வாழ்கிறவன் யார்? லாரிக்காரன். நேஷனல் பெர்மிட் லாரி எடுத்துக்கொண்டு நாக்பூர், டெல்லி, ஜம்மு என்று போகிறவனுக்கு வீடு எது? கேபின்தான். சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகைப் படுக்கை, தலைக்கு மேல் சாமி படம், கொக்கியில் ஈரத் துண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி ஒன்று, குழாயும் சாமானும் ஏற்றிய துணை வண்டி ஒன்று. இரண்டும் ஜோடியாகப் புறப்பட்டு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் சுற்றும். ஆட்கள் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, அதன் நிழலிலேயே சட்டை துவைத்து உலர்த்துவார்கள். கூடு பூட்டிய வண்டியைப் பற்றி அமெரிக்காவில் பத்திரிகையே நடத்துகிறார்கள். நம் ரிக் வண்டிக்காரர்கள் தாங்கள் அப்படியொரு காரியம் செய்வதாக நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு லாரியின் சமையலறையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். செங்கோட்டையில் ரோட்டோரம் நிற்கிற வண்டியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாடிக்குக் கீழே, டீசல் டேங்குக்கு எதிர்ப்பக்கம், ஒரு தகரப் பெட்டி. மூடியைக் கீழ்ப்பக்கமாகத் திறந்தால் அதுவே மேசை. உள்ளே அடுப்பு, அடிக்கரி பிடித்த குக்கர், அரிசி, பருப்பு, புளி, மிளகாய்ப்பொடி, கருவாட்டுப் பொட்டலம், புளியங்குடி எலுமிச்சை ஊறுகாய். கிளீனர் பையன் அடுப்பை எங்கே வைக்கிறான் என்று கவனித்தேன். பின் டயர் இரண்டுக்கும் நடுவில், காற்று வருகிற பக்கத்துக்கு மறைவாக. தீக்குச்சி ஒன்றே ஒன்றுதான் கிழித்தான். சாதம் வெந்ததும் அதே தீயில் புளித்தண்ணீர் கொதிக்கிறது. அரைமணி நேரத்தில் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, பெட்டி பூட்டியாயிற்று. மூடி ஆடாமல் இருக்க இடுக்கில் ஒரு பழைய டியூப் துண்டைச் சொருகினான். அந்த டியூப் துண்டு எந்தக் கடையிலும் விற்பனைக்குக் கிடைக்காது.

ஆகவே இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். இந்தப் பயணம் நமக்குப் புதிதில்லை. இதற்கான வாத்தியார்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் செலவழித்து வண்டி கட்டுமுன் அவர்களிடம் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

சரி, நம்முடைய வடக்கு எது? நமக்கு அலாஸ்கா வேண்டாம். லடாக் இருக்கிறது, ஸ்பிதி இருக்கிறது. இங்கிருந்து திருநெல்வேலிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே ஏறினால் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. கன்னியாகுமரியில் ஆரம்பித்து மதுரை, சேலம், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், டெல்லி, ஜம்மு வழியாக ஸ்ரீநகர் வரை ஒரே சாலை. 3,700 கிலோமீட்டருக்கும் மேல். பெரும்பகுதி நாலு வழிச் சாலை, டோல்கேட், டீக்கடை. அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரே ஒரு இடம் மட்டும். நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் புலிகள் காப்பகக் காட்டுக்குள் சாலை போகிறது. அங்கே சாலையைத் தூணில் தூக்கி நிறுத்தி, புலியும் மானும் அடியில் போய்வர ஒன்பது திறப்புகள் விட்டிருக்கிறார்கள். மேலே லாரி போகும், கீழே புலி போகும். கேமரா வைத்துப் பார்த்ததில் புலிகள் அவற்றை நன்றாகவே பழகிக்கொண்டுவிட்டன. நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாலைகளில் இரவில் அடிபட்டுக் கிடக்கும் மிளாவையும் முள்ளம்பன்றியையும் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு பெருமூச்சு வரும். எனக்கு வந்தது.

அந்த நெடுஞ்சாலையை விட்டு மலைக்குப் பிரிந்து போனால், உண்மையான சங்கதி மணாலியில் தொடங்குகிறது. மணாலியிலிருந்து லே. முன்பெல்லாம் 3,978 மீட்டர் உயர ரோதங் கணவாயைச் சேற்றிலும் பனியிலும் ஏறி இறங்க வேண்டும். 2020 அக்டோபர் 3ஆம் தேதி அடல் சுரங்கம் திறந்தார்கள். ஒன்பது கிலோமீட்டர். இந்தப் பக்கம் தேவதாரு மரம், அந்தப் பக்கம் மொட்டை மலை. பத்து நிமிஷத்தில் உலகம் மாறிவிடும். கொஞ்ச தூரத்தில் தாண்டி என்ற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்ற பலகை அங்கே பல ஆண்டுகளாக நின்றது, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் இல்லை. தென்காசியில் டீசல் போட்டவன் நாமக்கல் தாண்டுகிற வரைக்கும் பங்க்கையே பார்க்கமாட்டான் என்றால் எப்படி இருக்கும்? அதுதான் அந்தப் பலகை. அதற்குப்பிறகு கேலாங், ஜிஸ்பா, பாரலாச்சா கணவாய், சர்ச்சு, பாங், மோரே சமவெளி, 5,328 மீட்டர் உயர தங்லாங் கணவாய், பிறகு இறங்கி லே.

இந்த இடத்தில் என் பேச்சைக் கொஞ்சம் மெதுவாக்குகிறேன். உயரம் என்பது வேடிக்கை இல்லை. குற்றாலத்து மலையேறித் தேனருவி பார்த்துவிட்டு வந்தவர்கள் நாம். அந்த மூச்சிரைப்பு வேறு, இது வேறு. ஐயாயிரம் மீட்டரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் பாதிதான். வண்டியில் போகிறவனுக்கு என்ன ஆபத்து? கால் நடக்கவில்லை, அதனால் உடம்பு எச்சரிப்பதற்கு முன்பே வண்டி மேலே ஏற்றிவிடும். சுரங்கம் வந்தபிறகு இந்த ஆபத்து கூடியிருக்கிறது, குறையவில்லை. காலையில் மணாலியில் இட்லி சாப்பிட்டவன் சாயங்காலம் 4,300 மீட்டர் சர்ச்சுவில் படுத்தால், நடுராத்திரியில் தலை பிளக்கும், வாந்தி வரும், சிலருக்கு நெஞ்சில் நீர் கோக்கும். என்ன செய்யவேண்டும்? கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு ராத்திரி தங்குங்கள். வீடுதான் கூடவே வருகிறதே, லாட்ஜ் வாடகையா தரப்போகிறீர்கள்? தலைவலி முற்றினால் வைராக்கியம் பிடிக்காதீர்கள், வண்டியைத் திருப்பிக் கீழே இறக்குங்கள். அதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

உயரம் அடுப்பிலும் வேலை காட்டும். சர்ச்சுவில் தண்ணீர் ஏறக்குறைய 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானை தளபுளவென்று கொதிக்கும், நாம் சந்தோஷப்படுவோம். அரைமணி கழித்து அரிசியை நசுக்கிப் பார்த்தால் நடுவில் வெள்ளைக் குருணை அப்படியே இருக்கும். பருப்போ கூழாங்கல் மாதிரிக் கிடக்கும். எவ்வளவு தீயைக் கூட்டினாலும் தண்ணீர் அதற்குமேல் சூடாகாது. குக்கர் இல்லாமல் அங்கே சமையல் இல்லை. குக்கருக்கு கேஸ்கட் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன ரப்பருக்காக வாரம் முழுக்க நூடுல்ஸ் தின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று, தாய்மார்கள் காதில் போட்டுக்கொள்ளுங்கள். குளிர் தாங்காமல் அடுப்பையோ கரிச்சட்டியையோ வண்டிக்குள் வைத்துக் கதவை அடைத்துக்கொண்டு பையன்கள் தூங்கக்கூடாது. அதிலிருந்து வருகிற நச்சுவாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தூங்கினவர் எழுந்திருக்கமாட்டார். கம்பளி கூட இரண்டு வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

பனிக்காலத்தில் டீசலே உறைந்து மெழுகாகிவிடும். முன்பெல்லாம் லடாக்கில் காலையில் லாரியை எடுப்பதற்கு டேங்குக்குக் கீழே தீ மூட்டுவார்கள். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசல் லடாக்குக்கு வந்ததே 2019இல்தான்.

இப்போது தண்ணீர். இதில் குற்றாலத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் நினைப்போம். பாறையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் கொட்டுகிற மழை நமக்குத் தெரியாது. தண்ணீர் திடீரென்று செம்மண் நிறத்தில் வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த வெள்ளத்தில் ஒரு மாணவனை இழந்தோம். மேலே பெய்தால் கீழே வரும் என்பது நமக்கு ரத்தத்தில் ஊறிய பயம். வடக்கே அதே பாடம் தலைகீழாக நடக்கிறது. அங்கே மழை வேண்டாம், வெயிலே போதும். காலையில் கணுக்கால் அளவு ஓடுகிற ஓடையில், பகல் முழுக்க மேலே பனி உருகிச் சாயங்காலம் மூன்று மணிக்கு இடுப்பளவு தண்ணீர் உருண்டு வரும், கல்லையும் சேர்த்து உருட்டிக்கொண்டு. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஒரு துளி மேகம் இருக்காது! ஸ்பிதிப் பக்கமும் லாஹௌல் பக்கமும் சாலை அப்படிப்பட்ட ஓடைகளுக்குள் இறங்கித்தான் ஏறுகிறது. லாரிக்காரர்கள் விடியற்காலையில் கடப்பார்கள். மத்தியானத்துக்குமேல் வந்தால் இக்கரையிலேயே அடுப்பை மூட்டிவிடுவார்கள். மறுநாள் காலை தண்ணீர் வடிந்திருக்கும். நம்மில் எத்தனை பேருக்கு அந்த ஒரு ராத்திரிப் பொறுமை இருக்கிறது?

பொறுமை என்றதும் இன்னொன்று. 2025 செப்டம்பரில் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலை மழையில் சரிந்தது. ஆப்பிள் ஏற்றிய ஆயிரக்கணக்கான லாரிகள் நாள்கணக்கில் நின்றன. பெட்டிக்குள் பழம் அழுகியது. பறவைப் பார்வைப் படங்களில் லாரி வரிசையைப் பார்த்தோம். அந்த ஒவ்வொரு கேபினுக்குள்ளும் ஒரு மனிதன் சமைத்தான், துவைத்தான், வீட்டுக்குப் போன் பேசினான். நாம் பத்து நாள் லீவு போட்டுவிட்டு, ஒன்பதாவது நாள் சாலை அடைத்துவிட்டது என்று குதிக்கிறோம். லீவை வைத்து மலையை அளக்கக்கூடாது. செங்கோட்டை டீக்கடையில் ஒரு பழைய ஓட்டுநர் என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, மலைய அவசரப்படுத்தாதிய. அது நம்மள அவசரப்படுத்தாது."

அவரிடமே இறக்கத்தைப்பற்றிக் கேட்டேன். புளியரை எஸ் வளைவை உதாரணம் காட்டினார். லோடு வண்டி அதில் எந்த கியரில் ஏறுகிறதோ அந்த கியரில்தான் இறங்கவேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் டிரம் காய்ந்து, கடைசி வளைவில் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. நின்ற இடத்திலெல்லாம் ஒரு கம்பியை எடுத்து டயரைத் தட்டுவார்கள் பாருங்கள், சத்தத்திலேயே காற்று குறைந்த டயர் எது என்று தெரிந்துவிடும். கையை வீல் பக்கம் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்ப்பார்கள். கணவாய் ஏறப்போகிற எந்தப் பையனும் புளியரையில் ஒரு லாரிக்காரருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கோட்டைவாசல் வரை போய்வந்தால் பாதிப் பாடம் முடிந்தது. டால்டன் சாலையில் இன்றும் ஒரு மரியாதை உண்டு. எதிரே லாரி வந்தால் சுற்றுலா வண்டி வேகத்தைக் குறைத்து ஓரம் ஒதுங்கவேண்டும். சரளைக்கல் தெறித்து உடைவது சின்ன வண்டியின் கண்ணாடிதான், அதனால் புத்தியும்கூட அது. அந்தச் சாலை லாரிக்காரனுடையது, நாம் விருந்தாளி. லே சாலையிலும் அப்படித்தான். ஏறுகிற லோடு வண்டிக்கு வழி விடுங்கள். அவன் நின்றுவிட்டால் மறுபடி நகர்த்துவது லேசில்லை.

வண்டி கட்டுவது பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பட்டறையில் கொடுத்து இஷ்டத்துக்கு வண்டியை மாற்றிவிட முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருக்கிறது. லோடு வண்டியின் பின்பெட்டியில் ஆளை ஏற்றி ஓட்டுவதும் குற்றம். கேரவன் என்றே பதிவு செய்ய முறை இருக்கிறது, அந்த வழியில் போங்கள். இல்லாவிட்டால் ஒரு வேனில் பலகை போட்டு மெத்தை விரித்தாலே போதும். குற்றால சீசனுக்கு வருகிற குடும்பங்கள் வேனில் சாக்கு அரிசியும் அண்டாவும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு வந்து மரத்தடியில் சமைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவர்கள் எந்த கேரவன் கம்பெனியைக் கேட்டார்கள்?

அந்த மரத்தடியில் அவர்கள் விட்டுப்போகிற இலையையும் பிளாஸ்டிக்கையும் யார் அள்ளுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். இங்கே மழை இருக்கிறது, புழு இருக்கிறது, இலை மட்கிவிடும். லடாக் குளிர்ப் பாலைவனம். ஆரஞ்சுத் தோல்கூட அங்கே சீக்கிரம் மட்காது. கொண்டுபோன குப்பை உங்கள் வண்டியிலேயே திரும்ப வரவேண்டும். அருவிக்கரைக் குரங்குகளுக்குச் சிப்ஸ் கொடுத்துப் பழக்கி, இப்போது கையிலிருக்கிற பையைப் பிடுங்குகிறதே என்று புலம்புகிறோம். பாங்காங் ஏரிப் பக்கத்தில் மர்மோட் என்ற கொழுத்த மலை அணிலுக்கு பிஸ்கெட் ஊட்டிப் படம் எடுக்கிறார்கள். ஆறு மாதத்துக்குமேல் வளைக்குள் தூங்குகிற பிராணி அது. புல்லைத் தின்று கொழுப்புச் சேர்த்தால்தான் பனிக்காலம் தாங்கும். பிஸ்கெட்டால் தாங்காது.

கடைசியாக, சாலையைப் போட்டவர்கள். யார் போட்டார்கள்? எல்லைச் சாலை அமைப்பு. 1960 மே 7ஆம் தேதி தொடங்கியது. பலகையில் அந்தப் பெயர் இருக்கும். கல்லை உடைத்தவன் யார்? பனியை வெட்டியவன் யார்? கணவாய்க்குச் சற்றுக் கீழே, சாலையோரம், தார் டிரம்மைப் பிளந்து தட்டையாக்கிக் கூரை போட்ட குடிசைகள் இருக்கும். வாசலில் முகமெல்லாம் துணி சுற்றி, கண் மட்டும் தெரிய மனிதர்கள். ஜார்க்கண்டில் தும்கா பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நிறைய. பீகார், நேபாளத்திலிருந்தும் வருவார்கள். 2020 ஊரடங்கில் அவர்கள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். மே மாதக் கடைசியில் அறுபது பேரை விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோனது ஜார்க்கண்ட் அரசு. அடுத்த மாதமே, ஜூனில், தும்காவிலிருந்து தனி ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மறுபடி அழைத்துப்போனார்கள். சீன எல்லையில் பதற்றம், சாலை வேலை நிற்கக்கூடாது. வீராசாமியின் பல்லக்கைத் தூக்கிய தோள்கள் திரும்ப வரும் என்றேனே, வந்துவிட்டன. நாம் கேபின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, "என்ன அருமையான ஆளில்லாத வெளி!" என்கிறோம். ஆள் இருக்கிறான். ஆள் இருப்பதால்தான் சாலை இருக்கிறது.

பராக்கிரம பாண்டியன் கோயிலில் என்ன எழுதி வைத்தான்? தென்காசிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். இந்தக் கோயிலில் குற்றம் வந்தால் அதைத் திருத்திக் காப்பவர்கள் பாதத்தில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று வருகிறது அந்தக் கல்வெட்டு. கட்டிய ராஜா, பழுதுபார்க்கப்போகிறவன் காலில் முன்கூட்டியே விழுகிறான். கணவாயில் வண்டியை நிறுத்தி அந்தச் சாலைத் தொழிலாளிக்கு ஒரு பிளாஸ்க் டீ கொடுக்க நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்? டீ மட்டும் போதாது. கையுறை, கம்பளிக் காலுறை, சாப்பாட்டு எண்ணெய், சர்க்கரை கொண்டுபோங்கள். வண்டியில் இடம் இருக்கும். இல்லையென்றால் உட்காரக் கொண்டுபோகிற நாற்காலிகளில் ஒன்றைக் குறையுங்கள்.

எப்போது போவது என்று கேட்பீர்கள். அதில்தான் நம் ஊர்க்காரனுக்குச் சங்கடம். கணவாய்கள் கோடையில் திறக்கும், அக்டோபர் தாண்டினால் பனி மூடும். ஜூன், ஜூலை, ஆகஸ்டு இங்கே குற்றால சீசன். ஐந்தருவியில் தண்ணீர் விழும்போது எவன் ஊரைவிட்டுப் போவான்? போகவும் வேண்டாம். அந்த மூன்று மாதமும் அங்கே பனி உருகி ஓடைகளில் தண்ணீர் அதிகம், மணாலிப் பக்கம் மழையும் மண்சரிவும். ஆவணி பாதி வரை இங்கேயே அருவியில் குளியுங்கள், பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடுங்கள். செப்டம்பர் முதல் வாரம் புறப்பட்டால் அங்கே ஓடைகள் வடிந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், பனிக்கு இன்னும் நாள் இருக்கும். போகும்போது ஒரு வாரம், திரும்பும்போது ஒரு வாரம், நடுவில் மலைக்கு இரண்டு வாரம். சாலை அடைத்தால் உட்கார இன்னும் ஒரு வாரம். ஐந்து வாரம் லீவு தராத முதலாளியிடம் வேலை பார்ப்பவர்கள் நாக்பூர் பெஞ்ச் காடு வரை போய்த் திரும்புங்கள், அதுவும் நல்ல பயணம்தான்.

நான் பேசியது போதும். எந்த டயர் போடுவது, எந்தத் தாபாவில் ராத்திரி வண்டி நிறுத்தலாம், எந்த ஊரில் டீசல் திருடுவார்கள் என்றெல்லாம் கேள்வி கேட்கத் துடிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். என்னிடம் கேட்காதீர்கள். ஒலிபெருக்கியை மூன்றாம் வரிசைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். ஜம்மு வரை லோடு அடித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அண்ணாச்சி, கூச்சப்படாமல் எழுந்து நின்று பேசுங்கள்.